கோயில் வளர்ந்த ஊர்

சப்போட்டா மரங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் காடாய் நின்ற காலத்தில், மக்காச்சோளத்தைச் சாமியென்று கும்பிட்டு அந்தச் சாமியையே மூன்று வேளையும் கொழுக்கட்டை பிடித்துத் தின்ற மாயர் தேசத்தில், யாஷ்பேத் என்றொரு நகரம் இருந்தது. அந்த நகரத்தின் நடுவிலிருந்த கோயில் வளர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டவை, கோயில் உச்சியில் குடியிருந்த ராஜாவுக்குக் கொக்கோ பானம் சுமந்துபோகிற பெண்களின் முழங்கால்கள்தான். மழைக்காலம் தொடங்கும்போது ஏறிய படிகளைவிட அது முடியும்போது ஏறிய படிகள் கூடுதலாக இருந்தன. பழைய படிகளுக்கு நடுவில், குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரி, புதுப்படிகள் எட்டிப் பார்த்திருந்தன. உனக்கு வயசாகிறது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். பிறகு அவர்களில் சின்னவளுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது விஷயம் சந்தைக்கு வந்துவிட்டது.

சந்தையில் அதைக் கேட்டவர்களில் இஷ் தூனும் ஒருத்தி. சுண்ணாம்பு சுடுகிற குடும்பத்துப் பெண், புதிதாகக் கல்யாணமானவள், கை எப்போதும் வெள்ளையாய் வெந்திருக்கும், பேச்சு மிளகாயாய் உறைக்கும். "வளராம என்ன பண்ணும்? உசுரோட உள்ள வச்சு மூடினா வளரத்தானே செய்யும்" என்று அவள் சொன்னபோது பக்கத்தில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தவள் சிரித்தாள்; அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள், ஏனென்றால் தூன் சொன்னதில் விளையாட்டு எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அந்தத் தேசத்தில் பழைய கோயிலை யாரும் இடிக்க மாட்டார்கள். புது ராஜா பட்டத்துக்கு வந்தால், குளிருக்குப் போர்வைமேல் போர்வை போர்த்துகிற மாதிரி, இருக்கிற கோயிலின்மேலேயே இன்னும் பெரிய கோயிலைக் கட்டி மூடிவிடுவார்கள். ஆனால் மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கோயிலுக்கு உயிர் இருக்கிறது, சுவரில் வைத்திருக்கிற சுதைமுகத்தின் மூக்கு வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது, ஆகவே கல்சுத்தியலால் அந்த மூக்கை உடைத்து, மூச்சைப் பிரியவிட்டு, சாம்பிராணி போட்டு அழுதுவிட்டுத்தான் மூட வேண்டும். அப்போதுதான் பழைய கோயில் நல்லபடியாகச் செத்து, புதுக் கோயிலுக்குள்ளே எலும்பாக நிற்கும்.

யாஷ்பேத்தில் அந்த வேலையை நாலு பேரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர்களுடைய கெட்ட நேரமோ ஊருடைய நல்ல நேரமோ, மூக்கு உடைக்கக் குறித்த நாளும் இஷ் தூனுடைய கல்யாணநாளும் ஒன்றாகிவிட்டன. மாப்பிள்ளை குசாம், கொசுத்தேனீ வளர்க்கிறவன். கொட்டத் தெரியாத சின்னச் சின்னத் தேனீக்களைக் குடைந்த மரத்துண்டுகளில் குடிவைத்து, அவற்றின் தேனில் மரப்பட்டையை ஊறவைத்துக் கள் ஆக்குகிறவன். தன் கல்யாணமாயிற்றே என்று ஒரு படகையே குடைந்துவைத்து அது நிறையத் தேன்கள் ஊற்றிவைத்திருந்தான். நாலு பேரும் ஆளுக்கு ஒரு குடுவை என்றுதான் ஆரம்பித்தார்கள். மறுநாள் விடிந்தபோது முதல் ஆள், இரண்டாம் ஆள் உடைத்திருப்பான் என்று நினைத்தான். இரண்டாம் ஆள் மூன்றாமவனை நினைத்தான். நாலாமவனுக்குத் தான் உடைத்ததாகவே ஒரு ஞாபகம் இருந்தது, ஆனால் அவன் உடைத்தது மாமனார் வீட்டுத் தண்ணீர்ப்பானை. அதற்குள் கொத்தனார்கள் வந்து கல் அடுக்கிவிட்டார்கள்.

அந்த மூக்கு தூன் வைத்த மூக்கு. கல்யாணத்துக்கு முந்தின வருஷம், மேற்குச் சுவரின் முகத்தை மழை கரைத்துவிட்டதென்று புதுச்சுதை பிடிக்கச் சொன்னபோது, அவளுடைய முதல் பெரிய வேலையாக, அவள் கையால் உருட்டி, கட்டைவிரலால் அமுக்கி ஒட்டிவைத்த சப்பை மூக்கு. அழகாக இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் அதன்மேல் ஒரு பிரியம் இருந்தது. அதை உடைக்க வேண்டிய நேரத்தில் அவள் பந்தலில் மணப்பெண்ணாய் உட்கார்ந்திருந்தாள், ஆகவே அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. எல்லாரும் குசாமைத்தான் சொன்னார்கள், அவனும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டான்.

பூசாரிகள் அந்த நாலு பேரையும் பிடித்து ராஜா முன்னால் நிறுத்தினார்கள். அப்போதிருந்த ராஜா நல்ல மனுஷன், கொஞ்சம் கஞ்சன். யோசித்துப் பார்த்தான்: பக்கத்து ஊர்களிலெல்லாம் ஜனங்களை வயலிலிருந்து இழுத்துவந்து, கல் வெட்டி, நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமந்து, கழுத்தொடியக் கட்டினால்தான் கோயில் உயரும், இங்கே மழை பெய்தால் போதும். "வளர்ற பிள்ளையை யாராவது தலையில தட்டுவாங்களா? போங்கடா, போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டான். அந்த நாலு பேருடைய பெயரையும் பிற்காலத்தில் ஜனங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

யாஷ்பேத்தின் நல்ல காலம் அப்படித்தான் தொடங்கியது. ஊர் ஊராக ஜனங்கள் வந்தார்கள். பிள்ளை குள்ளமாக இருக்கிறதென்று கவலைப்பட்ட தாய்மார்கள் அதைக் கோயில் சுவரில் சாத்திவைத்து, தலைக்கு நேராகக் கரியால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மறு வருஷம் வந்து பார்க்கும்போது பிள்ளை வளர்ந்திருக்கும், ஆனால் கோடு அதைவிட மேலே போயிருக்கும், உடனே பிள்ளையைத் திட்டுவார்கள். கோயிலையொட்டிக் கொழுக்கட்டை விற்றவள் ஒவ்வொரு மழைக்கும் அடுப்புக்கல்லைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்தவள் அவளோடு சண்டை போட்டுவிட்டுத் தானும் தள்ளிப் போட்டாள். இப்படியே தள்ளித்தள்ளி ஊர் நாலு திசையிலும் பெரிதாயிற்று. பந்து விளையாடுகிற களம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் மேற்கே நிற்கிறவர்கள்தான் எப்போதும் ஜெயித்தார்கள். அதற்கும் ஒரு வழி பண்ணி, மேற்கே யார் நிற்பது என்பதற்கே தனியாக ஒரு போட்டி வைத்தார்கள், ஜனங்கள் அதையே பந்தாட்டத்தைவிட ஆர்வமாகப் பார்த்தார்கள். பச்சைக்கல் வந்தது, உப்பு வந்தது, தெற்கேயிருந்து நீளமான பச்சை இறகுகள் வந்தன. யாஷ்பேத்துக்குப் பெண் கொடுக்க எல்லா ஊரும் போட்டி போட்டது.

வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பத்தாமல் போகுமல்லவா, அந்த மாதிரி கோயிலுக்குப் பூச்சு பத்தாமல் போயிற்று. ஒவ்வொரு மழைக்கும் வெள்ளைப் பூச்சு விரிசல் விட்டு, உள்ளேயிருக்கிற கல் தெரிந்தது. கல் தெரிகிற கோயிலை வைத்துக்கொண்டு எந்த ராஜாவும் இன்னொரு ராஜா முகத்தில் முழிக்க முடியாது. ஆகவே தூனுக்கு ஓயாத வேலை. பச்சை மரக்கட்டைகளை வட்டமாய் ஆளுயரத்துக்கு அடுக்கி, நடுவில் ஓட்டை விட்டு, மேலே சுண்ணாம்புக்கல்லைக் குவித்து நெருப்பு வைப்பாள். கட்டையெல்லாம் எரிந்து கல் வெந்து உட்கார்ந்தபின், பனி பட்டுப்பட்டு அது தானாகப் பூத்து விரியும், வான்கோழிக்குஞ்சின் நெஞ்சுபோல மெத்தென்று வெள்ளையாகும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் தூன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். வருஷங்கள் போனதில் ஊரின் சுண்ணாம்புக் காளவாய்களுக்கெல்லாம் அவளே தலைவியானாள். ஒரு விரிசல் பாக்கியிருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. குழந்தை பிறக்கவில்லை என்று அவளும் குசாமும் சில காலம் வருத்தப்பட்டார்கள். பிறகு அவளுக்குக் கோயிலும் அவனுக்குத் தேனீக்களும் போதுமென்று ஆகிவிட்டது, அதைச் சொல்லிக்கொள்ள இரண்டு பேருக்கும் வெட்கமாயிருந்ததால் சொல்லாமல் விட்டார்கள்.

ஆனால் வெந்த கல் ஒரு கூடை வேண்டுமென்றால் மரம் ஒரு மலை வேண்டும். காடு முதலில் ஊரெல்லையிலிருந்து போயிற்று, அப்புறம் கூப்பிடு தூரத்திலிருந்து போயிற்று, அப்புறம் விறகுக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிற தூரத்துக்குப் போய்விட்டது. காடு போன பின்னாலேயே மழையும், கோபித்துக்கொண்டு பிறந்தவீட்டுக்குப் போகிறவளைப் போல, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பெரிய குளத்தில் அல்லி வாடியது. அல்லி வாடினால் தண்ணீர் நாறும். ஒருநாள் பார்த்தால் சந்தையில் உப்புக்காரி இடம் காலியாயிருந்தது, இன்னொரு நாள் பார்த்தால் பானைக்காரர் தெருவே காலியாயிருந்தது. மழை குறைந்தாலும் கோயில் வளர்வது குறையவில்லை, வளர்கிற வயசு அதற்கு.

இதற்குள் பழைய ராஜா இறந்து அவன் மகன் சாக் கவீல் பட்டத்துக்கு வந்திருந்தான். உச்சியிலேயே பிறந்து உச்சியிலேயே வளர்ந்தவன். கோயில் அவனையும் தூக்கிக்கொண்டே உயர்ந்ததால் கீழே வருவது அவனுக்குப் பெரிய பிரயாணம், வருவதே இல்லை. நுரைக்க நுரைக்க ஆற்றிக் கொடுத்த கொக்கோ, படியேறி அவனிடம் போகும்போது நுரையில்லாத பழுப்புத் தண்ணீராய்ப் போகும். கொழுக்கட்டை கல்லாய்ப் போகும். உலகத்தில் சாப்பாடு என்றால் ஆறித்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தான்.

இருபது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கல்நாட்டுத் திருவிழா நெருங்கியது. அரண்மனை மேலாள் தோக் என்பவன் ஒரு காலையில் காளவாய்க்கு வந்தான். சிடுசிடுப்பான ஆள், வெயிலில் நிற்கப் பிடிக்காதவன். "அம்மா, திருவிழாவுக்குக் கோயில் முழுசா வெள்ளையா இருக்கணும். விறகுக்குத் தூரமாப் போக நேரமில்ல. உங்க வீட்டுக்காரர் தேன்கூடு வச்சிருக்கிற சப்போட்டாத் தோப்பை வெட்டிக்கலாம்னு உத்தரவு. கிட்டத்துல நிக்கிற கடைசித் தோப்பு அதுதானே" என்றான்.

தூன் வீட்டுக்குப் போனாள். குசாமுக்குச் செய்தி அதற்கு முன்பே வந்திருந்தது. அவன் தோப்பு நிழலில் உட்கார்ந்து, ஒரு மரத்துண்டின் வாயை அடைத்திருந்த கல்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே தேனீக்கள் சின்னக் குடங்களாய்க் கட்டியிருந்த தேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா வச்ச கூடு இது. பூ தேடி இதுங்க எவ்வளவு தூரம்தான் பறக்கும்? மரத்துல கோடாலி விழுந்த அன்னிக்கு நான் கூடுகளைத் தூக்கிக்கிட்டுத் தெக்க போயிடுவேன். காடு இருக்கிற ஊருக்கு. நீயும் வா புள்ள" என்றான்.

"நான் வந்துட்டா அதை யாரு பாத்துக்குவா?"

"எதை?"

"எதையா? தலையைத் தூக்கிப் பாரு, தெரியும்."

அவன் தலையைத் தூக்கவில்லை. "எனக்கும் அது பிள்ளைதான். என் கள்ளு இல்லேன்னா அது செத்துப் போயிருக்கும். ஆனா ஒரு பிள்ளைக்குச் சட்டை தைக்க இன்னொரு பிள்ளைய உரிக்கச் சொல்றியே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தூன் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் மெதுவாகச் சொன்னான். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்த மனுஷன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை; வெள்ளை உரிந்து நிற்கிற கோயிலையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அவள் காளவாய்க்குப் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள், அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் அவள் படியேறி ராஜாவிடம் போனாள். ஏறி முடிக்க உச்சிப்பொழுதாகிவிட்டது. சாக் கவீல் ஜாகுவார் தோல் விரித்த இருக்கையில் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன கொழுக்கட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ராசா, தோப்பை விட்டுடுங்க. வளர்றதாலதானே விரியுது? வளர்றதை நிறுத்திடறேன். மேக்குச் சுவர்ல இந்த மழைக்கு ஆள் நுழையற அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டிருக்கு, இன்னும் அடைக்கல. உள்ள போயி, அன்னிக்கு உடைக்காம விட்ட மூக்கை உடைச்சிடறேன். அப்புறம் இருக்கிற பூச்சே காலத்துக்கும் போதும்" என்றாள்.

"உங்க கையால வச்ச மூக்குன்னு சொல்லுவாங்களே?" என்று கேட்டான் ராஜா.

"ஆமா. அதனாலதான் வேற யாரையும் உடைக்க விடமாட்டேன்" என்று சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ராஜாவுக்கு யாராவது அழுதால் என்ன செய்ய வேண்டுமென்று தெரியாது. தட்டிலிருந்த இன்னொரு கொழுக்கட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் சாப்பிட்டுவிட்டு, சரி என்று அவன் சொன்னதும், இறங்கிவந்தாள்.

சேதி பரவி, மறுநாள் விடிந்ததும் ஊரில் மிச்சமிருந்த ஜனமெல்லாம் மேற்குச் சுவருக்கு முன்னால் கூடிவிட்டது. சிலர் சாம்பிராணி கொண்டுவந்தார்கள், சிலர் பாய் கொண்டுவந்தார்கள், கொழுக்கட்டைக்காரி அடுப்பையே கொண்டுவந்துவிட்டாள். தூன் கல்சுத்தியலோடு வெடிப்புக்குள் நுழைந்தாள். தீப்பந்தம் பிடித்துக்கொண்டு குசாம் பின்னால் வந்தான். வேண்டாமென்றுதான் அவள் சொன்னாள், வரும்போது சேர்ந்து வந்தோம் போகும்போதும் சேர்ந்தே போகலாம் என்று ஏதோ சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டு வந்துவிட்டான்.

உள்ளே ஈரமாக, கதகதப்பாக இருந்தது, சோளம் வேகிற பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. வளைந்து வளைந்து கொஞ்ச தூரம் போனதும் பந்தத்தின் வெளிச்சத்தில் அந்த முகம் தெரிந்தது. அவள் வைத்தபோது இரண்டு கை அகலமிருந்த முகம் இப்போது ஒரு வீட்டளவு இருந்தது. சப்பை மூக்கு அவள் உயரத்துக்கு இருந்தது. கட்டைவிரலால் அவள் அமுக்கிய தடங்கள்கூட வளர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு சட்டியளவு குழிந்திருந்தன. தூன் தன் கட்டைவிரலைக் கொண்டுபோய் ஒரு குழியில் வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது; பந்தத்தின் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்தது.

அவள் சுத்தியலை ஓங்கினாள். ஓங்கின பிறகுதான் மூக்கின் நுனியைக் கவனித்தாள். நுனிக்கு முன்னால் வெளிச்சுவர் நின்றது. அந்தச் சுவரின் கல்லிடுக்குகளில் தெரிந்த, வருஷாவருஷம் அவள் பூசிய பூச்சு, பூச்சுமேல் பூச்சு, பூச்சுமேல் பூச்சு என்று பாறையாய் இறுகிக் கிடந்தது, முழங்கை கனத்துக்கு. மூக்கு அதில் முட்டி, போக வழியில்லாமல், ஒருபக்கமாய்க் கோணிக்கொண்டு வளர்ந்திருந்தது. விரிசல் விட்ட ஒவ்வொரு தடவையும் அது மூச்சு விட ஒரு வழி பண்ணியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அவள் போய் அடைத்திருக்கிறாள். சாப்பாடு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், ஒன்று பாக்கி விடாமல் அடைத்திருக்கிறாள்.

"ஐயோ குசாமு, இங்க பாரேன், நானே அமுக்கி வச்சிருக்கேன்" என்று தூன் வாய்விட்டு அழுதாள். "பாத்துக்கிறேன் பாத்துக்கிறேன்னு நானே மூஞ்சிய அமுக்கி வச்சிருக்கேன்யா."

குசாமும் பார்த்தான். "சரி, இப்ப என்ன பண்ணப் போற? பந்தம் கையைச் சுடுது" என்றான்.

தூன் அந்தப் பெரிய மூக்கைத் தன் முந்தியால் துடைத்தாள். பிறகு அதற்குப் பக்கவாட்டில் போய் நின்று, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, தன் ஆயுசின் பூச்சை ஓங்கி அடித்தாள். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை, நல்ல சுண்ணாம்பு, அவள் சுட்டது. அவள் அடித்துக்கொண்டேயிருந்தாள். கை ஓய்ந்தபோது குசாம் வாங்கி அடித்தான், அவன் கை ஓய்ந்தபோது அவள் வாங்கினாள்.

வெளியே, பாயில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்குச் சுவரின் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து, கல் இரண்டு கழன்று உருண்டு, உச்சி வெயிலில் ஒரு மூக்கு வெளியே வந்தது. வந்து, இழுத்து ஒரு மூச்சு விட்டது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தலைமுடி பறந்தது, கொழுக்கட்டைக்காரியின் அடுப்பு நன்றாகப் பற்றிக்கொண்டது. பிறகு யாரோ ஒருத்தி, "சளி இல்ல, சுத்தமாத்தான் இருக்கு" என்றாள், எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூக்கின் மேலேயே ஒரு வான்கோழி ஏறி உட்கார்ந்தது.

தூசியில் குளித்து வெளியே வந்த தூன் சுத்தியலைத் தோக்கின் காலடியில் வைத்தாள். "மூக்கை உடைக்கல. உடைக்கவும் மாட்டேன். இனிமே கோயிலுக்குச் சுண்ணாம்பும் சுட மாட்டேன். வீட்டுக்கு வீடு சோளம் வேகவைக்கச் சுண்ணாம்பு வேணும், அதுக்குச் சுடுவேன், அதுக்குச் சுள்ளி போதும். அது வெறும் உடம்போட வளரட்டும்" என்றாள்.

தோக்குக்குக் கோபம் தலைக்கேறியது. காவலாட்களைத் திரும்பிப் பார்த்தான்; அவர்கள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளவாய் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் கோடாலிகளைக் கீழே வைத்துவிட்டுப் பாயில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். என்ன சத்தமென்று மேலேயிருந்து எட்டிப் பார்த்த சாக் கவீலுக்கு அவ்வளவு உயரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை, ஆகவே அவன் இறங்கினான். ராஜா இறங்குகிறான் என்று ஜனங்கள் கைதட்டிக் காத்திருந்தார்கள், காத்திருந்து அலுத்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், வெயில் சாய்ந்தபோது அவன் கால் நடுங்கக் கீழ்ப்படிக்கு வந்தான். கொழுக்கட்டைக்காரி இலையில் ஒன்று வைத்துக் கொடுத்தாள். அவன் கடித்தான், நாக்கைச் சுட்டுக்கொண்டான், கண்ணில் தண்ணீர் வந்தது.

"இது என்ன?" என்று கேட்டான்.

"கொழுக்கட்டை, சாமி. நீங்க தினம் சாப்பிடறதுதான்" என்றாள் அவள்.

அவன் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "திருவிழாவுக்குக் கோயில் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். தோப்பை வெட்ட வேண்டாம். எனக்கு இப்ப மேல ஏற முடியாது" என்றான்.

யாஷ்பேத் அதற்கப்புறம் சரிந்தது. மற்ற ஊர்களில் அதைப் பெரிய துக்கமாகச் சொன்னார்கள், பகைவர் வந்தார்கள் என்றும் சாபம் விழுந்தது என்றும் சொன்னார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளையில்லாத கோயிலைப் பார்க்க யாரும் வரவில்லை, யாரும் வராத ஊரில் இறகு வியாபாரிக்கும் கல் செதுக்குகிறவனுக்கும் என்ன வேலை? அவர்கள் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு, அண்டை வீட்டில் சொல்லிக்கொண்டு, வேலை இருக்கிற ஊருக்குப் போனார்கள். தோக் இன்னொரு ராஜாவிடம் மேலாளாகப் போய்ச் சேர்ந்தான், அங்கே நிழல் அதிகம். மிச்சமிருந்தவர்கள் காலி மனைகளில் பூசணியும் அவரையும் போட்டார்கள். சாக் கவீல் கீழேயே தங்கிவிட்டான். ஒரு வேலையும் தெரியாததால் குசாமிடம் வந்தான், கொட்டாத தேனீ அவனுக்குச் சரியாக இருந்தது.

தூனுக்கு ஆரம்பத்தில் மனசு கேட்கவில்லை. பூச்சு ஏடு ஏடாக உதிர்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்தும். கை தன்னையறியாமல் சாந்துச்சட்டியைத் தேடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டுபோய் அடுப்படி மெழுகினார்கள், அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. பிறகு படிகளின் இடுக்கில் மண் சேர்ந்தது. வௌவால்கள் சப்போட்டாக் கொட்டையைத் துப்பின. ஒரு மழைக்கு முளைத்தவை மறுமழைக்கு இடுப்புயரம் நின்றன, வளர்கிற கோயிலில் முளைத்ததால் அவையும் அவசர அவசரமாக வளர்ந்தன. வெடிப்புகளில் குசாமுடைய தேனீக்கள் அவனைக் கேட்காமலே குடிபோயின. இதுங்களுக்கு நன்றியே கிடையாது என்று அவன் அன்றாடம் திட்டிக்கொண்டே அங்கேயும் போய்த் தேன் எடுத்துவந்தான். மரம் வந்ததும் மழை திரும்பி வந்தது. குளத்தில் அல்லி பூத்தது. ராத்திரி படுக்கும்போது குசாமின் குறட்டையையும் மேற்கேயிருந்து வருகிற அந்தப் பெரிய நிதானமான மூச்சையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே தூன் தூங்கிப்போவாள், அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குத் தலை முழுக்க நரைத்த பிறகு, ஒருநாள் காலையில் நெற்றிப்பட்டையில் மூட்டை சுமந்துகொண்டு ஒரு வியாபாரி வந்தான். தெற்கத்தியான், இளவயசு, தூரம் நடந்து கறுத்திருந்தான். தூன் வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கக் கஞ்சி கொடுத்தாள்.

"தாயி, இந்தப் பக்கம் யாஷ்பேத்துன்னு ஒரு ஊரு இருக்காமே? வானத்தைத் தொடற மாதிரி ஒரு வெள்ளைக் கோயில் உண்டாம். எங்க தாத்தா காலத்துல சொல்லுவாங்க. எந்த வழியாப் போகணும்?"

"எங்கயும் போகவேணாம். எதிர்ல நிக்குதே, அதுதான்" என்று கையைக் காட்டினாள் தூன்.

அவன் கஞ்சிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். மரங்கள் காற்றில் அசைந்தன, குரங்குகள் கிளை தாவின, உச்சியில் மேகம் ஒன்று சிக்கிக்கொண்டு நின்றது. "விளையாடாதீங்க தாயி" என்றான். "கோயிலைப் பாத்ததில்லையா நான்? இது மலை. மண்ணுலேர்ந்து தானா எழும்பின மலை. ஆதியிலேர்ந்து இங்கதான் நிக்குது, பாத்தாலே தெரியலையா? மனுசன் கை பட்டது இப்படி இருக்காது."

ராஜாக்கள் அவளைப் புகழ்ந்திருக்கிறார்கள். பூசின கை எந்தக் கையென்று கேட்டு வெளியூர்க்காரர்கள் வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வராத ஒரு சந்தோஷம், அந்தப் பரதேசிப் பையன் சொன்னதைக் கேட்டதும், அவள் கால்விரலில் தொடங்கி மேலே ஏறியது. மடியிலிருந்த சோளம் சிதறுவதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து தோப்புப் பக்கம் திரும்பி, "யோவ்! இங்க வாய்யா! அந்தக் கூட்டை அப்படியே போட்டுட்டு ஓடிவா!" என்று கத்தினாள்.

குசாம் என்னவோ ஏதோவென்று, கையெல்லாம் தேன் வழிய, மூச்சிரைக்க வந்து நின்றான். தூன் வியாபாரியின் தோளைப் பிடித்து, கண்ணில் நீர் ததும்ப, "தம்பி, இப்ப என்கிட்ட சொன்னியே, அதை இவர்கிட்டயும் ஒருதரம் சொல்லு" என்றாள்.